சித்தி தெளிந்த சாரல்

நம் பள்ளித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருத்தி எழுதியிருந்தாள். படுத்தால் நெஞ்சு அடித்துக்கொள்கிறதாம். எதற்கென்று தெரியாமல் பயமாக இருக்கிறதாம். டாக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை என்று அனுப்பிவிட்டாராம். கொஞ்ச நேரத்தில் நாம் எல்லோரும் வைத்தியர்களாகிவிட்டோம். ஜாதிக்காயை இழைத்துப் பாலில் கலந்து குடி என்றாள் ஒருத்தி. வெட்டிவேர் ஊறின தண்ணீர், வல்லாரை, மூச்சை இழுத்து நிறுத்தி விடுவது என்று வரிசையாக வந்தன. நானும் என் பங்குக்கு உள்ளங்காலில் நல்லெண்ணெய் தேய்க்கச் சொன்னேன். பொய்யில்லை, எனக்கு அதில் குணம் தெரிகிறது. இந்த வயதில் நம்மில் யாருக்குத்தான் படபடப்பு இல்லை.

ஆனால் அதை அனுப்பிவிட்டுப் போனை வைத்ததிலிருந்து என் சித்தி நினைவாகவே இருக்கிறது. என் அம்மாவின் தங்கை. ஐந்தாம் வகுப்பில் நான் முதல் மூன்று மாதம் பள்ளிக்கு வராமல் இருந்தது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். மஞ்சள் காமாலை என்று சொல்லியிருந்தேன். அது பாதிதான் உண்மை. காமாலை வந்தது, தெளிந்தும் போனது. அதற்குப் பிறகும் என்னை அனுப்பாமல் வைத்திருந்தது சித்திக்குத் துணையாக.

சித்தப்பா சித்தியைத் தென்காசிக்கு எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தது வைகாசிக் கடைசியில். சிவகிரியில் அவர்களுக்கு வயலும் பெரிய வீடும் உண்டு. கல்யாணமாகி ஒரு வருடம் நிறைந்திருக்கவில்லை. மணவறையில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்த சித்தியைத்தான் எனக்குத் தெரியும். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவள் வேறு யாரோ போல இருந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. அம்மா காபி கொடுத்தாள். சித்தியின் கையில் டம்ளரும் டபராவும் கிடுகிடுவென்று மோதிக்கொண்டன. அந்தச் சத்தத்துக்கு அவளே பயந்து காபியைத் தரையில் வைத்துவிட்டாள்.

சித்தப்பா கெட்டவராகத் தெரியவில்லை. எனக்குச் சாத்துக்குடி உரித்துக் கொடுத்துக்கொண்டேதான் அப்பாவிடம் சொன்னார்.

"இல்லாத சத்தமெல்லாம் கேக்குன்னு சொல்லுதா அண்ணாச்சி. பின்கட்டுல பழைய சாமான் போட்ட ரூம் ஒண்ணு கெடக்கு. தட்டுல சோத்தைப் போட்டுக்கிட்டு அங்கன போய் நிக்கா. யாருக்குன்னு கேட்டா முழிக்கா. கல்யாணத்துக்கு நிக்க தங்கச்சி ஒருத்தி வீட்ல இருக்கா. நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன ஆகும், சொல்லுங்க."

அப்பா தாலுகா ஆபீசில் வேலை பார்த்தவர். யார் எதைச் சொன்னாலும் மனுவைப் படிப்பதுபோலக் கேட்பார். அன்றும் அப்படித்தான் கேட்டுவிட்டு, "நீங்க கவலைப்படாமப் போயிட்டு வாங்க. நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார். சித்தியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் தூணைப் பிடித்துக்கொண்டு சித்தப்பா பேசி முடிக்கும்வரை நின்றாள்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஓர் ஊஞ்சல் உண்டு. தேக்குப் பலகை, இரும்புச் சங்கிலி. மறுநாள் நான் ஏறி ஆடினேன். சித்தி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் ஓடி, அரிசி டிரம்முக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு புஸ்புஸ்ஸென்று வாங்கியது. மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது. அன்று சாயங்காலமே அப்பா ஊஞ்சலைக் கழற்றிவிட்டார். அந்தப் பலகை பிறகு எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியாது.

தென்காசியில் அப்போது எல்லோரும் போகும் நாட்டு வைத்தியர் ஒருவர் இருந்தார். அவர்தான் எனக்குக் கீழாநெல்லியை மோரில் அரைத்துக் கொடுத்துக் குணப்படுத்தியவர். சித்தியின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, பித்தம் தலைக்கு ஏறியிருக்கிறது என்றார். தைலம் கொடுத்தார். வல்லாரையை நெய்யில் வதக்கிக் கொடுக்கச் சொன்னார். "சாரல் விழுந்துருச்சு. குத்தாலத்துல ஒரு சீசன் வச்சிருங்க. மிச்சத்தைத் தண்ணி பாத்துக்கும்" என்றார்.

அப்படித்தான் ஐந்தருவி போகிற ரோட்டில் ஒரு வீட்டின் முன்பகுதியை வாடகைக்கு எடுத்தோம். அப்பா அங்கிருந்தே பஸ்ஸில் தென்காசிக்கு ஆபீஸ் போய் வந்தார். அம்மா சமைத்தாள், சித்தியும் நானும் வைத்தியம் செய்துகொண்டோம்.

அந்த வீட்டை நினைத்தால் எனக்கு முதலில் வருவது வாடைதான். காயாத துணியின் புளித்த வாடை. அதற்கு மேலே சாம்பிராணி, அதற்கும் மேலே தைலம். வெயிலும் இல்லாமல் மழையும் இல்லாமல் நாள் முழுவதும் சாரல் தூவிக்கொண்டே இருக்கும். சுவர்கள் வேர்க்கும். தீப்பெட்டி நமத்துப்போகாமல் இருக்க அம்மா அதைத் தலையணைக்கு அடியில் வைப்பாள். காலையில் ஓர் அம்மாள் வந்து சித்தியைப் பலகையில் உட்காரவைத்து உச்சந்தலையில் எண்ணெய் வைத்து அரக்கித் தேய்ப்பாள். சித்தியின் தலை அவள் கைக்குள் அப்படியும் இப்படியும் ஆடும். கண் மூடியே இருக்கும்.

அருவிக்கு முதல் நாள் போனபோது அவள் கத்தி ஆர்ப்பாட்டம் செய்வாள் என்று அம்மா பயந்தாள். பெண்கள் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாங்கள் மூவரும் தண்ணீருக்குள் நுழைந்தோம். தலையில் கல்லைக் கொட்டுவதுபோல விழுந்தது. நான் உடனே வெளியே ஓடிவந்துவிட்டேன். அம்மாவும் வந்துவிட்டாள். சித்தி வரவில்லை. அம்மா உள்ளே போய்க் கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. வெளியே வந்தவள் பல் கிடுகிடுக்க என்னைப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணத்தில் பார்த்த சிரிப்பு.

"உள்ள நின்னா ஒண்ணுமே கேக்கலட்டி," என்றாள். "ஒரு சத்தமும் கேக்கல."

அம்மா மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். தண்ணீர் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டாள். உண்மையில் செய்யத்தான் செய்தது. சித்தி சாப்பிட ஆரம்பித்தாள். மதியம் தூங்கினாள். கை நடுக்கம் குறைந்தது.

அவளாகவே சில வழிகளையும் கண்டுபிடித்து வைத்திருந்தாள். சாயங்காலம் நானும் அவளும் ரோட்டோரமாக நடப்போம். எங்கேயாவது லாரியில் சங்கிலி உரசினால், கடைக்காரர் ஷட்டரை இழுத்தால், அவள் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கும். நின்றுவிடுவாள். பிறகு கண்ணில் படுவதை ஒவ்வொன்றாக, மெதுவாக, பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். "பாறை. பாசி. குடை. குரங்கு. செவப்புச் சேலை. பழக்கடை." நானும் கூடச் சொல்லுவேன். எனக்கு அது விளையாட்டு. சொல்லச் சொல்ல அவள் பிடி தளரும். எலுமிச்சை இலை ஒன்றைக் கசக்கி மூக்கில் வைத்துக்கொண்டு, "வா, போவோம்" என்பாள். என் பேத்திக்கு இப்போது காலேஜில் கவுன்சலிங் என்று இதையேதான் சொல்லித் தருகிறார்கள். அவள் செய்துகாட்டியபோது என் வாயில் தானாகப் "பாறை, பாசி" என்று வந்தது.

ஆடி பிறந்த பிறகு ஒரு நாள், அருவிக்குப் போகும் வழியில் கூட்டம் விலகி நின்றது. அந்தக் காலத்தில் புத்தி பேதலித்தவர்களை அருவியில் நிறுத்துவதற்காக எங்கெங்கிருந்தோ கூட்டிக்கொண்டு வருவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அன்று வந்தவன் இளைஞன். இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துச் சங்கிலி போட்டிருந்தார்கள். அண்ணனோ தம்பியோ ஒருவர் அதன் நுனியைப் பிடித்திருந்தார். நடக்க நடக்கச் சங்கிலி கலகலவென்றது.

நான் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு "பாறை, பாசி" என்று ஆரம்பித்தேன். அவள் கையை உருவிக்கொண்டாள். பழக்கடையில் ஒரு வாழைப்பழத்தை எடுத்து, பாதி உரித்து, நேராக அவன் முன்னால் போய் நின்றாள். குனிந்து, ஈர முடிக்குள் மறைந்திருந்த முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு பழத்தை நீட்டினாள். அவன் கட்டின கைகள் இரண்டையும் சேர்த்துத் தூக்கி வாங்கிக்கொண்டான்.

சித்தி திரும்பி வந்தாள். முகத்தில் பயமே இல்லை.

"பெரியத்தானும் இப்பிடித்தான், ரெண்டு கையாலயும் வாங்குவாரு," என்றாள்.

சித்தி அத்தான் என்று கூப்பிட்டு எனக்குத் தெரிந்தவர் என் அப்பா ஒருவர்தான். "யாரு சித்தி பெரியத்தான்?" என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள். ஏதோ ஒன்றைத் தீர்மானம் செய்துகொண்டவள்போல வேகமாக வீட்டுக்கு நடந்தாள். அன்று நாங்கள் அருவிக்குப் போகவில்லை.

அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சித்தி எதிரே உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். நான் இருப்பதை இருவருமே மறந்துவிட்டார்கள்.

"அக்கா, அந்தப் பின்கட்டு ரூம்ல ஆள் இருக்காரு. இவுகளுக்கு மூத்தவரு. சங்கிலி போட்டு வச்சிருக்காங்க. கல்யாணமாகி அங்க போன மொத மாசமே ராத்திரி சத்தம் கேக்குன்னு சொன்னேன். எலின்னாக. ஒரு நாளு சன்னல் தொறந்து கெடந்துச்சு, எட்டிப் பாத்தேன். பெறகு தெனமும் நாந்தான் சன்னல் வழியா சோறு குடுத்தேன். தாயின்னு கூப்புடுவாரு. இவுகளுக்குத் தெரிஞ்சு போச்சு. அங்கன ஆளே கெடையாது, உனக்குத்தான் புத்தி சரியில்லைன்னுட்டாக. வீட்ல எல்லாரும் அதையேதான் சொன்னாக. எல்லாரும் இல்ல இல்லன்னு சொன்னா, எனக்கே இல்லையோன்னு ஆயிப்போச்சுக்கா."

அம்மா அரிவாள்மணையை மடக்கி வைத்தாள். "இப்ப?" என்றாள்.

"இருக்காரு. இன்னைக்கு எனக்கு நல்லாத் தெரியுது. இருக்காரு."

சாயங்காலம் அப்பா வந்ததும் அம்மா அவரைத் தனியே அழைத்துச் சொன்னாள்.  நேரில் போய்ப் பார்த்துவிட வேண்டியதுதான் என்று முடிவானது. நாளைக்கே போவோம் என்றாள் அம்மா. அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

"சம்பந்தி வீட்டுக்குச் சொல்லாமக் கொள்ளாமப் போய் நிக்கதா? ஒரு மரியாதை இல்லையா? தகவல் சொல்லிவிட்டுட்டுப் போவோம்."

சிவகிரிக்குப் போகிற ஒருவர் மூலம் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் பழம், பூவெல்லாம் வாங்கிக்கொண்டு போனார்கள். அன்று முழுவதும் சித்தி வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். என் தலையை வாரிப் பின்னி, அவிழ்த்து, மறுபடி பின்னினாள்.

சாயங்காலம் வந்தார்கள். அப்பா செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டார். "அந்த ரூமை நானே தொறந்து பாத்தேன்ம்மா. நெல்லு மூட்டை அடுக்கியிருக்கு. ஆள் இருந்த சுவடே கெடையாது. அவுக எவ்வளவு மனசு நொந்து போனாக தெரியுமா?"

சித்தி அம்மாவைப் பார்த்தாள். அம்மா பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அடுக்களையில் அம்மா அப்பாவிடம் தாழ்ந்த குரலில் கேட்டது எனக்குக் கேட்டது. "அந்த ரூம்ல சுண்ணாம்பு ஈரமே காயலியே. ஆடி மாசத்துல, இந்தச் சாரல்ல, யாரு வெள்ளையடிப்பா?"

"விடு," என்றார் அப்பா. "அவ வாழணும்."

இருவரும் நல்லவர்கள். இதை நான் இன்றும் சொல்வேன். சித்தியின் மேல் உயிரையே வைத்திருந்தார்கள். வாழாவெட்டி என்று ஊர் சொல்லிவிடக் கூடாது என்ற ஒரே பயத்தில், தாங்கள் முகர்ந்த சுண்ணாம்பு வாடையை முகரவில்லை என்று வைத்துக்கொண்டார்கள். அவர்களுடைய பயத்துக்கு யாரும் தைலம் கொடுக்கவில்லை.

சித்தி அன்று அழவில்லை. அதற்குப் பிறகு மருந்தை மறுக்காமல் குடித்தாள். எண்ணெய்க்குத் தலையைக் கொடுத்தாள். ஒரு வாரத்தில் அம்மாவிடம் வந்து, "ஆமாக்கா, எனக்குத்தான் அப்பிடித் தோணிருச்சு. இப்பத் தெளிஞ்சுட்டு" என்றாள். அவள் குரலில் நடுக்கமே இல்லை. அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்குத் தெரிந்து அம்மா நம்பவில்லை. ஆனால் அந்த வார்த்தை அவளுக்குத் தேவையாக இருந்தது.

ஆவணியில் சித்தப்பா வந்தார். சித்தி முகம் கழுவி, பொட்டு வைத்து, அவருக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளர் ஆடவில்லை. "குத்தாலத் தண்ணின்னா தண்ணிதான்" என்றார் சித்தப்பா. கிளம்பும்போது சித்தி என்னிடம் மட்டும் குனிந்து, "அங்கன போய்ப் பாத்தாத்தான் தெரியும்ட்டி" என்றாள். அவள் எதைப் பார்க்கப் போகிறாள் என்று அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவள் பார்த்தாள். சத்தம் இல்லை. அந்த வீட்டில் இனி எந்தச் சத்தமும் வராது என்று புரிந்த நாளைப் பற்றி அவள் எனக்குப் பிற்காலத்தில் ஒரு முறை சொன்னாள். முன்பு சங்கிலிச் சத்தத்துக்குப் பயந்து முழித்துக் கிடந்தவள், பிறகு அது வராதா என்று முழித்துக் கிடந்தாளாம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சாரலுக்கும் குற்றாலம் வந்தாள். தெளிந்த இடத்தை மறக்கக் கூடாது என்று சித்தப்பாவே பெருமையாகக் கூட்டிவருவார். நான் படித்து, கல்யாணமாகி, பிள்ளைகளோடு வந்தபோதும் அவளை அங்கே பார்த்திருக்கிறேன். ஈரச்சேலையோடு அருவிப் பாதையின் ஓரத்தில் நிற்பாள். சங்கிலியோடு யாரையாவது கூட்டிவந்தால் பக்கத்தில் போய்க் குனிந்து முகத்தைப் பார்ப்பாள். பெரியத்தான் இல்லையென்று தெரிந்ததும் கையில் இருக்கும் பழத்தைக் கொடுத்துவிட்டு வருவாள். சனங்கள் அவளைப் புண்ணியவதி என்றார்கள். சங்கிலியோடு ஆட்களைக் கூட்டிவருவது நின்றுபோன பிறகும், அவள் கொஞ்ச காலம் வந்து நின்றாள்.

தோழிகளே, கஷாயம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சித்தி இன்றும் வெட்டிவேர் தண்ணீர்தான் குடிக்கிறாள், உள்ளங்கால் எண்ணெயை எனக்குச் சொல்லித் தந்ததே அவள்தான். நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று எழுதினவளிடம் நாம் ஒருவர்கூட எதற்கு அடித்துக்கொள்கிறது என்று கேட்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்துகிறது. நாளைக்கு அவளுக்குப் போன் செய்யப்போகிறேன்.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். போன தை மாதம் சித்தப்பா இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. சித்தியை நான் தென்காசிக்கு என்னோடு கூட்டிவந்துவிட்டேன். மாசியில் ஒரு மத்தியானம் சித்தப்பாவின் தங்கை மதுரையிலிருந்து அவளைப் பார்க்க வந்தாள். அந்த நாளில் கல்யாணத்துக்கு நின்ற அதே தங்கை. இப்போது அவளுக்கும் எழுபது தாண்டிவிட்டது. சித்தி மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். அவளும் பக்கத்தில் உட்கார்ந்து நாலு மொச்சையை உரித்தாள். பிறகு கையை நிறுத்திக்கொண்டாள்.

"மதினி, அண்ணன் இருக்குமட்டும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருந்தாரு. பெரியண்ணனைப் பத்தி."

சித்தி தலை நிமிரவில்லை.

"உங்க வீட்ல இருந்து வாறாங்கன்னு தகவல் வந்ததும், மறுநாளே சங்கிலியைக் கழட்டி, சவரம் பண்ணி, குளிப்பாட்டி, தென்காசி ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. கொல்லம் வண்டியில ஏத்திவிட்டுட்டு அண்ணன் மட்டும் எறங்கிட்டாரு. குத்தாலத்துக்குப் போறோம், அருவியில குளிக்கலாம்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போனது. பெரியண்ணன் சந்தோசமாத் துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டாரு. எல்லாம் என் கல்யாணத்துக்காகத்தான் மதினி. பெறகு ஒரு தகவலும் இல்ல."

 அந்த ரயில் தென்காசியைத் தாண்டி மலையேறியபோது, நாங்கள் நாலு மைல் தூரத்தில் அருவிக்கு அடியில் நின்றுகொண்டிருந்திருப்போம். சித்தி மூர்ச்சையாகிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் ஒரு மொச்சையைப் பிதுக்கிக் கிண்ணத்தில் போட்டாள். அவர் இருந்தார் என்று அவளைத் தவிர வேறொருவர் வாயிலிருந்து அவள் கேட்பது அதுதான் முதல் தடவை.

"வழிக்கு என்ன குடுத்துவிட்டிய?" என்று கேட்டாள்.

"தூக்குச்சட்டியில தயிர்ச்சோறு. நாந்தான் பெசஞ்சு வச்சேன்."

சித்தி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"பெரியத்தானுக்குத் தயிர் ஆகாது. வாடை பட்டாலே தட்டைத் தள்ளி வச்சிருவாரு."

"எனக்குத் தெரியாதே மதினி," என்றாள் அந்த அம்மாள். 

சித்தி மொச்சைக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள்.

"அப்ப அன்னைக்குப் பட்டினிதான்," என்றாள்.